கருவண்டுக்குப் போட்ட பந்தல்

1. தகரக் கூரை

அந்தப் பங்குனியில் ஒரு மத்தியானம் குடோனைத் திறந்தபோது தரையில் கருவண்டுகள் செத்துக் கிடந்தன. பெருக்கித் தள்ள மனம் வரவில்லை.

சின்ன காஞ்சிபுரத்தில் பந்தல் கான்ட்ராக்ட் எடுத்துப் பிழைத்தவன் நான். ஊரில் பாதிப் பேரின் கல்யாணத்துக்குக் கால் நட்டிருக்கிறேன், எனக்கு மட்டும் நட வாய்க்கவில்லை. சாமான் போடும் குடோன் ஐயம்பேட்டையில், வயல் ஓரமாக இருந்தது.

எங்கள் தொழிலில் ஓட்டை விழுந்த மூங்கிலைக் காலாக நிறுத்த மாட்டோம், பாரம் தாங்காது. கழிசல் என்று ஒதுக்கிச் செங்கல் சூளைக்குத் தள்ளிவிடுவோம். அந்த ஓட்டையைப் போடுவது கருவண்டு. பெயர்தான் வண்டு, உண்மையில் தேனீ ஜாதி. கட்டைவிரல் பருமன் இருக்கும். மூங்கிலுக்குள் பூந்தூளை உருட்டி வைத்து, அதன்மேல் முட்டையிட்டு, மரத்தூளால் அறை அறையாகத் தடுத்துக்கொள்ளும்.

நான் கழிசலைச் சூளைக்கு அனுப்பாமல் குடோனிலேயே அடுக்கி வைத்திருந்தேன். காரணம், பக்கத்து வயலைக் குத்தகைக்கு எடுத்துக் கத்திரி போட்டிருந்த எஸ்தரம்மா. கத்திரிப் பூ லேசில் தூள் உதிர்க்காது. கருவண்டு பூவைக் கவ்விக்கொண்டு உடம்பை அதிரவைத்து ரீங்காரம் போட்டால்தான் தூள் கொட்டும், பிஞ்சும் நன்றாகப் பிடிக்கும். "உன் கழிசல்லதான்பா என் காய் இருக்குது" என்பார்.

கணவரை இழந்து பல வருஷம் ஆனவர். ஒரே மகளை ஒரகடத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். காலையில் நான் லோடு ஏற்ற வரும்போது ஒரு சொம்பு மோரோடு வரப்பில் நிற்பார். லோடு இல்லாத நாளிலும் நான் குடோனுக்குப் போயிருக்கிறேன். மோர் நன்றாக இருக்கும் என்பது மட்டும் காரணமில்லை.

2. வாயில் ஒரு சொட்டு

நெருப்புக்குப் பயந்து பந்தல்காரர்கள் எல்லோரும் குடோன் கூரையில் கீற்றை எடுத்துவிட்டுத் தகரம் போட்டிருந்தோம். வெயிலும் இப்போதெல்லாம் நாள் பார்த்து வருவதில்லை. அக்னி நட்சத்திரத்துக் காந்தல் பங்குனியிலேயே வந்துவிடுகிறது. தகரத்துக்கு அடியில் இருந்த மேல் அடுக்கு வண்டுகள்தான் செத்தவை.

கீழ் அடுக்கில் இருந்தவை எப்படிப் பிழைத்தன என்று உட்கார்ந்து பார்த்தேன். முன்பு வெயில் ஏறிய பிறகும் சாவகாசமாகப் பூவுக்குப் போய்வரும். இப்போது விடியும் முன்பே கிளம்பி, சூரியன் மேலே வருவதற்குள் திரும்பிவிட்டன. மத்தியானம் ஓட்டை வாசலில் உட்கார்ந்து, வாயில் ஒரு சொட்டுத் தேனை வெளியே தள்ளுவதும் உள்ளே இழுப்பதுமாக இருந்தன. நாம் காபி ஆற்றுவது மாதிரி. அந்தச் சொட்டு காற்றில் ஆறும்போது அதன் உடம்புச் சூடும் கொஞ்சம் குறையும்போல.

எஸ்தரம்மா ஒரு கை நிறைய உதிர்ந்த பூவோடு வந்தார். "பூ பூக்குது, பிஞ்சு நிக்க மாட்டேங்குது மேஸ்திரி. குச்சி வெச்சி ஒவ்வொரு பூவா தட்டிப் பாத்துட்டேன். இந்த போகமும் இப்டியே போச்சின்னா குத்தகைய உட்டுட்டு பொண்ணு வூட்டுக்கே போயிடுவேன்."

எனக்குக் கத்திரிக்காய் ஞாபகமே வரவில்லை. இவர் போய்விட்டால் வரப்பு காலியாக இருக்குமே என்றுதான் பதறினேன்.

3. தார்

எனக்குத் தெரிந்தது பந்தல் போடுவது ஒன்றுதான். அவர் வயல் ஓரத்தில் ஒரு புங்கமரம் நின்றது. அதன் நிழலில், மேலே இரண்டு அடுக்குக் கீற்று வேய்ந்து, வண்டுக்கு ஒரு பந்தல் போட்டுவிடுவோம் என்று முடிவு செய்தேன். என்னோடு பல வருஷமாக வேலை செய்த பாபு கேட்டான், "அண்ணே, முகூர்த்தம் எப்போ? பொண்ணு யாரு?" அவன் சும்மாதான் கேட்டான். எனக்குக் காது சுட்டது.

கால் நடுவதற்கு முன்னால் அடியில் தார் பூசுவது எங்கள் வழக்கம், கறையான் ஏறாமல் இருக்க. பாபு பழக்கத்தில், வண்டு செத்துக் காலியான கழிசல் எல்லாவற்றுக்கும் தார் பூசி, வரிசையாக நட்டுவிட்டான். நானும் தூரத்தில் நின்று ஒரு கண்ணை மூடி வரிசை பார்த்துவிட்டு, சபாஷ் என்றேன். ஒரு வண்டுகூடக் குடிவரவில்லை. எஸ்தரம்மா முகர்ந்து பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தார்.

"மேஸ்திரி, வண்டுக்கு வூடு கட்டுறியா, ரோடு போடுறியா?"

அதோடு நட்டுவைத்த மூங்கிலில் மேல்வாய் திறந்திருந்ததால் கோடை மழைத் தண்ணீரும் இறங்கியிருந்தது. அத்தனையையும் பிடுங்கினோம். தார் பட்ட பாகத்தை அறுத்து எறிந்தோம். குடோனில் மிஞ்சியிருந்த வண்டு மூங்கில்களையும் சேர்த்து, விடியல் வெளிச்சம் படும்படி கிழக்கே பார்த்துப் படுக்கை வசத்தில் கட்டினோம்.

வண்டு தங்கியது. சில நாளில் பிஞ்சும் நின்றது. முதல் பிஞ்சை என்னிடம் காட்டி அவர் சிரித்தாரே, அதை இன்னொரு தரம் பார்க்க வேண்டும் என்று எனக்கு இன்றைக்கும் இருக்கிறது.

4. ஒரகடம் பஸ்

வெயிலைச் சமாளித்தோம். அடுத்த வருஷம் நிலத்துக்காரர் வயலை மனை போட்டு விற்றுவிட்டார், அதற்கு என்னால் பந்தல் போட முடியவில்லை. எஸ்தரம்மா ஒரகடம் போனார். நான் பந்தலைப் பிரித்துக் குடோனுக்குப் பின்னால் நிழலில் கட்டினேன். வண்டுகள் முருங்கைப் பூவுக்குப் போய்வந்தன. விடியற்காலையில் அந்த ரீங்காரம் கேட்டால் என்னையறியாமல் வரப்பு இருந்த பக்கம் திரும்பிப் பார்ப்பேன். அங்கே மனைக்கல்தான் நிற்கும்.

சில வருஷம் கழித்து, தொழிலையும் பாபுவிடம் விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தபோது எஸ்தரம்மாவின் போன் வந்தது. "மேஸ்திரி, மொட்ட மாடில தொட்டி வெச்சி கத்திரி போட்டுக்கிறேன். பூ நிக்கல. ஒரு கழி எடுத்தாறியா?"

சாயங்காலம் குடோனுக்குப் போய், வண்டுகள் அடைந்த பிறகு ஒரு மூங்கிலின் ஓட்டைகளில் துணி அடைத்து, மறுநாள் முதல் பஸ்ஸில் ஏறினேன்.

"இன்னா பெரிசு, மூங்கில எடுத்துக்கினு? உள்ள இன்னா கீது?" என்றார் கண்டக்டர்.

"குடித்தனம் கீதுப்பா" என்றேன்.

மாடியில் வாட்டர் டேங்க் நிழலில் மூங்கிலைப் படுக்க வைத்துக் கட்டினேன். இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளே, இதை மட்டும் மனதில் வையுங்கள்: பந்தல் போடும்போது வெயில் எந்தப் பக்கம் வரும் என்று எல்லோரும் பார்ப்பார்கள். அதற்கு முன்னால், அதன் கீழே இருக்கப்போகிறவர் எப்போது வெளியே போவார், எப்போது ஒதுங்குவார் என்று பாருங்கள். எனக்கு அது வண்டைப் பார்த்துத்தான் தெரிந்தது.

துணியை எடுத்தேன். எஸ்தரம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "வண்டு வெளிய வர்ற வரிக்கும் இருந்துட்டு போ மேஸ்திரி" என்று சொல்லிவிட்டு, டீ போடக் கீழே இறங்கினார்.

அவர் படி இறங்கி முடிப்பதற்குள் ஒன்று தலையை நீட்டியது. மாடியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு நேராகக் கத்திரித் தொட்டிக்குப் போனது. பின்னாலேயே இன்னொன்றும் வந்து, கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் பறந்துபோனது.

எஸ்தரம்மா இரண்டு டம்ளரோடு மேலே வந்தார்.

"வந்துச்சா?"

"இன்னும் இல்ல" என்றேன்.