கொடை வரி போட்டு ஓடிய மோட்டார்

எங்கள் ஊர் டீக்கடையில் நான் சொன்ன கதை இது. அத்தனையும் உண்மை, சத்தியம். சிரிப்புக்காக அங்கங்கே கொஞ்சம் இழுத்துவிட்டிருக்கிறேன். ஆனால் நாற்றமடிக்கிற இடங்களை இழுக்கவில்லை. அவை இருந்தபடியே இருக்கின்றன.

எங்கள் ஊராட்சித் தலைவர் முத்துராணி, பீடி சுற்றுகிறவள். முறம் மடியில் இருந்தால் பக்கத்தில் இடி விழுந்தாலும் நிமிர மாட்டாள். அவள் ஜெயித்த அன்று நாங்கள் போட்ட மாலைகளில் கழுத்தே அரை சாண் உள்ளே இறங்கிவிட்டது.

இந்தக் கோடையில் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் கருகியது. தாமிரபரணி ஊரை உரசிக்கொண்டு ஓடுகிறது. குழாயைத் திறந்தால் நெல் தூற்றுகிற அளவுக்குக் காற்று. ஊராட்சியில் பணம் இருந்தது, தொட முடியாது. முத்துராணி அம்பாசமுத்திரம் ஒன்றிய அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாள். இன்ஜினியரைப் பார் என்றார்கள். இன்ஜினியர் மேலே கேள் என்றார். மேலே இருந்தவர், கிராம சபையில் தீர்மானம் போடச் சொன்னார். போட்டோம். என் ஆடுகூட முன்னங்காலைத் தூக்கி ஆதரித்தது.

"தீர்மானம் போடத்தாம்மா உங்களுக்கு அதிகாரம். மோட்டார் எங்க விஷயம்" என்றார் அதிகாரி.

"அப்போ எனக்கு எதுக்கு சார் நாற்காலி?"

"உக்காரதுக்குத்தான்."

திரும்பி வந்தவள் காறித் துப்பினாள். "சுடலைமாடன் கோவில்ல கொடைத் திருவிழான்னா வீட்டுக்கு வீடு வரி போடுதியள்லா? அதே மாதிரி இதுக்கும் போடுங்க" என்றாள்.

வரி பிரித்து நாங்களே ஆள் வைத்துச் சரிபார்த்தோம். மறுநாளே மோட்டார் ஓடியது. அங்கேதான் பிசகினோம். கொடை வரி மேலத்தெருவில் மட்டும் வாங்குவது வழக்கம். கீழத்தெருவில் இருப்பவர்கள் அந்தோணியார் கோவில்காரர்கள். அவர்களிடம் கேட்டதே இல்லை. பழக்க தோஷம், இதற்கும் கேட்கவில்லை. கொடையில் வரி கொடுத்தவனுக்குத்தான் கிடாக்கறியில் பங்கு. தண்ணீருக்கும் அப்படியே என்று மேலத்தெருக்காரர்கள் கீழத்தெரு வால்வை மூடிவிட்டார்கள்.

முத்துராணி ஸ்பானரோடு வந்து நின்றாள். "தண்ணி என்னவே கிடாக்கறியா, கூறு போட?" என்று கேட்டு, வால்வைத் திறந்துவிட்டாள்.

மேலத்தெரு ஆள் ஒருவர் அன்றைக்கே பஸ் ஏறி, நாங்களே மோட்டாரைச் சரிசெய்ததை ஒன்றிய அலுவலகத்தில் போய்ச் சொன்னார். மோட்டார் கருகியபோது வராத ஜீப், டயர் தரையில் படாமல் பறந்து வந்தது. அனுமதியில்லாமல் அரசாங்க மோட்டாரைத் தொட்டது குற்றமாம். மோட்டார் அறைக்குப் பூட்டு, முத்துராணிக்கு நோட்டீஸ். தண்ணீர் கொடுக்க இல்லாத அதிகாரம் நிறுத்துவதற்கு மட்டும் எங்கிருந்தோ முளைத்துவிட்டது. இப்போது இரண்டு தெருவிலும் காற்றுதான்.

கதையை இந்த இடத்தில் நிறுத்தினேன். கீழத்தெரு கெவின் டீ கிளாஸை நங்கென்று வைத்தான்.

"அண்ணாச்சி, போய்ச் சொன்னது யாரு?"

"இங்கனதாம்லே ஒருத்தரு வடை தின்னுதாரு" என்றேன்.

சுடலைக்கண்ணுவின் வாயில் வடை நின்றது. "ஆமாவே, நாந்தான் சொன்னேன்! துட்டு குடுத்தது நாங்க, குளிக்கது நீங்களா?"

"எங்ககிட்ட கேட்டியளாவே? கேட்டா குடுத்திருக்க மாட்டமா?" என்றான் கெவின்.

"நீரு ஏன் வே போய்ச் சொன்னீரு? இப்போ என் வீட்லயும் தண்ணி இல்ல!" என்று மேலத்தெரு பெருமாள்ராஜ் சுடலைக்கண்ணுவின் சட்டையைப் பிடித்தார்.

"எடுவே கைய!"

பெஞ்சு சாய்ந்தது.