கருக்களாச்சேரியில் பாரா மாற்றம்

கத்திரி வெயிலில் யாராவது காரைக்காலுக்குப் போவார்களா? 2009 மே மாதம் நாங்கள் போனோம். திருநள்ளாற்றில் சனி பகவானைப் பார்ப்பதற்காக இல்லை. என் வீட்டுக்காரர் ரெங்கநாதனுக்கு ஒரு போன் வந்தது, அதனால் போனோம். அவர் காலாட்படையில் நாயக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பென்ஷன் வாங்கத் தொடங்கியதிலிருந்து, தன் ரெஜிமெண்டில் இருந்த பழைய ஆட்களைத் தேடிப் பிடிப்பதே அவருக்கு வேலை. நானும் கூடவே போய், திரும்பி வந்து இந்த வலைப்பூவில் எழுதுவேன். வீட்டில் கேட்காத பேச்சை இப்படிப் போகிற இடங்களில்தான் அவர் பேசுவார்.

இந்த முறை அழைத்தவர் போலகம் தங்கராஜ். அதே பிளட்டூன். மகனோடு திருப்பூரில் இருந்துவிட்டு, இப்போதுதான் ஊர் திரும்பி நிலத்தைப் பார்த்துக்கொள்கிறார். "கருக்களாச்சேரி கோவிந்தசாமியக் கண்டுபுடிச்சிட்டேன்டா. ஆனா ஆளு சரியில்ல. சுனாமிக்கு அப்பறம் ஒழுங்காத் தூங்குறதே இல்லையாம். எலும்பும் தோலுமா இருக்கான். இப்படியே வுட்டா ஆளு தங்க மாட்டான். நீ ஒரு நடை வந்து பாரு" என்றார். கோவிந்தசாமி எல்லையில் ஏதோ ஒரு மலைமேல் என் கணவருக்குப் பக்கத்துப் பதுங்குகுழியில் இருந்தவர். எந்த மலை என்று கேட்டால் இன்றைக்கும் 'ரொம்பக் குளிரும்' என்று மட்டும்தான் பதில் வரும்.

திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்திலிருந்து விடியற்காலையில் நேரடிப் பேருந்து இருக்கிறது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் வழி. நூற்றைம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ. ஆளுக்கு ஐம்பத்தெட்டு ரூபாய் டிக்கெட். இடது பக்க ஜன்னலைப் பிடித்தால் வெயில் குறையும் என்று யாரோ சொன்னதை நம்பி உட்கார்ந்தேன். திருவாரூர் தாண்டும்போது முகம் வெந்துவிட்டது. சொன்னவர் யாராக இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

பக்கத்தில் இவர் தூங்கிக்கொண்டே வந்தார். இவரிடம் ஒரு வியாதி உண்டு. தூக்கத்தில் கைக்கு அகப்பட்டதை வெடுக்கென்று ஒரு தடவை இழுப்பார். வீட்டில் போர்வை, பேருந்தில் என் முந்தானை. கல்யாணமான நாளிலிருந்து இதற்காகச் சண்டை போட்டு வருகிறேன், ஒரு பயனும் இல்லை.

நாகூர் தாண்டி வாஞ்சூர் வந்ததும் புதுச்சேரி மாநிலம் தொடங்குகிறது. அதைப் பலகை பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, வரிசையாக வருகிற மதுக்கடைகளே சொல்லிவிடும். பேருந்தில் பாதிப் பேர் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். கீழவாஞ்சூரில் புதிதாக வந்திருக்கும் துறைமுகத்துக்கு நிலக்கரி லாரிகள் வரிசை கட்டி நின்றதில் அரை மணி நேரம் போயிற்று. என் வெள்ளைக் கைக்குட்டை அங்கேயே கருப்பாகிவிட்டது.

திருமலைராயன்பட்டினத்தில் இறங்கும்போது மணி பத்தேகால். தங்கராஜ் அண்ணன் நிறுத்தத்திலேயே நின்றிருந்தார். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள் என்று பார்த்தேன். ஒருவரை ஒருவர் மேலும் கீழும் பார்த்தார்கள், பிறகு இவர், "ஷூவுக்கு பாலிஷ் போட மாட்டியா?" என்றார். "செருப்புக்கு எதுக்குடா பாலிஷு? வா தங்கச்சி, ஆட்டோ சொல்லியிருக்கேன்" என்று என் பையை வாங்கிக்கொண்டார். கருக்களாச்சேரிக்கு ஆட்டோவில் அறுபது ரூபாய். டிரைவர் எண்பது கேட்டார். நான் இறங்கப் போவதுபோல் காலை வெளியே வைத்ததும் அறுபதுக்கு வந்தார்.

மீன்பிடித் தடைக்காலம் என்பதால் ஊரில் ஆண்கள் எல்லோரும் கரையில்தான். வேப்பமர நிழலெல்லாம் வலை, அதைச் சுற்றி ஆட்கள். சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்று கோவிந்தசாமியுடையது. அவருடைய மருமகள் மல்லிகா, "வாங்கம்மா, வாங்கய்யா" என்று பாயை விரித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி விவரம் சொன்னாள்.

"அன்னிக்கு மாமா கடலுக்குப் போயிருந்தாங்க. நடுக்கடல்ல ஒண்ணுமே தெரியலையாம். கரைக்கு வந்தா வூடும் இல்ல, அத்தையும் இல்ல. அதுலேருந்து இந்தப் பின்ரூம்புல ஜன்னல் பக்கம் ஒக்காந்து கடலையே பாக்குறாங்க. ராத்திரியும் அப்புடித்தான். கண்ணு சொக்குனா கன்னத்துல அறைஞ்சிக்கிறாங்க. டாக்டரு மாத்திரை குடுத்தாரு, துப்பிட்டாங்க. பின்னால யாரு போனாலும் கத்துறாங்க. போன வாரம் இந்த அய்யாவையும் தள்ளி வுட்டுட்டாங்க."

தங்கராஜ் அண்ணன் முழங்கையைத் திருப்பிக் காட்டினார். சிராய்ப்பு இன்னும் ஆறவில்லை.

இவர் எழுந்துபோய், பாதி திறந்திருந்த கதவு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஜன்னலுக்கு நேராக ஒரு ஸ்டூல். அதில் நிமிர்ந்த முதுகு ஒன்று தெரிந்தது. சட்டைக்குள் ஆளே இல்லை என்று சொல்லும்படி இருந்தது. கூப்பிடுவார் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை. வாசலுக்குப் போய், வலை பின்னிக்கொண்டிருந்தவர்களிடம் நைலான் கயிறு ஒரு துண்டு வாங்கி வந்தார். ஒரு முனையை உள்ளே, ஸ்டூலில் இருந்தவரின் பாதத்தில் படும்படி வீசினார். மறுமுனையைத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, கதவுக்கு இந்தப் பக்கம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. அடுத்தவர் வீட்டில் வந்து இதென்ன கூத்து? தங்கராஜ் அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்.

"பாராவுல நிக்கிறவன் பின்னால திடீர்னு போவக் கூடாது தங்கச்சி. போன வாரம் அத மறந்துட்டுப் போயிதான் நான் தள்ளு வாங்குனேன். அங்க ராத்திரில வாயத் தொறந்து பேசவும் முடியாது. அதனால குழிக்குக் குழி கயிறு ஓடும். ஒரு இழுப்புன்னா, நான் முழிச்சிருக்கேன், நீ இருக்கியான்னு அர்த்தம். இருந்தா திருப்பி ஒண்ணு இழுக்கணும். மூணு இழுத்தா கிட்ட வான்னு அர்த்தம். எங்க குழிகளுக்கு முடிச்சுப் போட்டுக் குடுத்ததே இந்தக் கோவிந்தசாமிதான். மீன்காரன் முடிச்சு, அவுரவே அவுராது."

பாரா என்பது காவல் முறை. தன் முறை முடிந்தாலும், அடுத்தவன் வந்து மாற்றிக்கொள்ளாமல் பாராக்காரன் இடத்தை விட்டு நகரக் கூடாது என்பது அவர்கள் பட்டாளத்துச் சட்டம். இது எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் அந்தச் சட்டம் ஒரு மனிதனுக்குள் இவ்வளவு தூரம் இறங்கியிருக்கும் என்று தெரியாது.

இவர் கயிற்றை ஒரு தடவை இழுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. மல்லிகா டீ கொண்டுவந்து வைத்தாள், அது ஆறிப்போய் ஆடை கட்டியது. மறுபடி ஒரு இழுப்பு. வெளியே வலைக்காரர்களும் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். நான் கடவுளே கடவுளே என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

தரையில் கிடந்த கயிறு மெல்ல நகர்ந்தது. இவருடைய மணிக்கட்டு ஒரு தடவை எகிறியது. மல்லிகா வாயைப் பொத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து விட்டு விட்டு மூன்று இழுப்பு வந்தது.

இவர் எழுந்து உள்ளே போனார். கோவிந்தசாமி திரும்பிப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்தபடியே கேட்டார்.

"ரெங்கா, பாரா மாத்த வந்தியா?"

"ஆமாடா."

"லேட்டு."

"லேட்டுதான். மன்னிச்சிக்க. எறங்கு, நான் பாத்துக்கறேன். நீ தூங்கு."

கோவிந்தசாமி ஸ்டூலிலிருந்து இறங்கினார். இவர் அதில் ஏறி உட்கார்ந்து கடலைப் பார்த்தார். அவர் அங்கேயே, வெறுந்தரையில், கயிற்று முனையைக் கையில் பிடித்தபடி சுருண்டு படுத்தார். குறட்டைச் சத்தம் கேட்டதும் மல்லிகா அடுப்படிக்கு ஓடிப்போய் அழுதாள். நானும் கூடப் போய் அழுதேன். கோயில் கோபுரம், மலை, அருவி என்று எத்தனையோ பார்த்து இந்த வலைப்பூவில் பிரமாதம் என்று எழுதியிருக்கிறேன். அந்தச் சொல்லையெல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டு இங்கே வைக்கலாம் போலிருந்தது.

விளக்கு வைக்கிற நேரம் வரை அவர் அசையவில்லை. இவரும் ஸ்டூலை விட்டு இறங்கவில்லை. சாப்பாட்டைக்கூட ஜன்னலைப் பார்த்தபடியே சாப்பிட்டார். எழுந்ததும் கோவிந்தசாமி கேட்ட முதல் கேள்வி, "எதாச்சும் வந்துச்சா?" இவர், "ஒண்ணும் வரல, அமைதியா இருக்கு" என்று அறிக்கை கொடுத்தார். அதற்குப் பிறகுதான் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

அன்று அங்கேயே தங்கினோம். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று பேரும் உட்கார்ந்து ஒரு ஏற்பாடு செய்தார்கள். தினமும் மாலையில் தங்கராஜ் அண்ணன் போலகத்திலிருந்து மொபெட்டில் வந்து பாரா மாற்றுவார். மாதம் ஒரு வாரம் எங்கள் வீட்டுக்காரர் முறை. "சம்பளம் கெடையாது, சாப்பாடு மட்டும்தான்" என்று கோவிந்தசாமி சொன்னபோது மல்லிகா சிரித்தாள்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். வெயிலுக்குப் பயப்படாதீர்கள். தடைக்காலத்தில்தான் கடற்கரை ஊர்களில் ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். மீன் மட்டும் கொஞ்சம் விலை. கருக்களாச்சேரியில் லாட்ஜ் இல்லை, காரைக்கால் டவுனில் முந்நூறு ரூபாயிலிருந்து அறை கிடைக்கும். பழைய பட்டாளத்து ஆளைப் பார்க்கப் போனால், பின்னாலிருந்து தோளைத் தட்டாதீர்கள். நேரம் கணக்குப் பார்க்காமல் போங்கள்.

மறுநாள் காலைப் பேருந்தில் திரும்பினோம். நாகப்பட்டினம் வருவதற்குள் இவர் தூங்கிவிட்டார். கை என் முந்தானையைத் தேடிப் பிடித்து, வழக்கம்போல் வெடுக்கென்று ஒரு தடவை இழுத்தது. இத்தனை வருஷமாக நான் பதிலுக்குக் கையைத் தட்டிவிட்டுத்தான் பழக்கம். அன்றைக்கு முந்தானையை என் பக்கமாக ஒரு தடவை இழுத்தேன்.

அவர் விரல்கள் தளர்ந்தன. தஞ்சாவூர் வரை எழுந்திருக்கவே இல்லை.