முப்பதாம் நாளுக்குள் முடிக்கச் சொன்னேன்

மூன்று அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருக்கும் நான், ஒரு விருந்துக்காகப் பச்சைக் குழந்தைக்கு அறுவை சிகிச்சை செய்யச் சொன்னவன்.

எங்கள் ஊரான புந்தோங்கில் என் தங்கைக்குக் குழந்தை பிறந்தது. ஆணா பெண்ணா என்று உடலைப் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள். நானோ தாய்மாமன். முப்பதாம் நாள் பெயர் சூட்டு விழாவுக்கு மண்டபம் பிடித்து, "ஆண் குழந்தை" என்று அழைப்பிதழும் அடித்துவிட்டேன். அதற்குள் அறுவை சிகிச்சையை முடித்துவிடலாம் என்று தங்கையை நச்சரித்து ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன்.

கையெழுத்துப் போட வேண்டிய ஒப்புதல் பாரத்தை நீட்டும்போதே டாக்டரம்மா சொன்னார்: "பிள்ளை நல்லா பால் குடிக்குது, ஒண்ணுக்குப் போகுது. அதுக்கு ஒரு அவசரமும் இல்ல. வெட்டிட்டா திரும்ப ஒட்ட முடியாதுங்க. வளந்து அதுவே சொல்லட்டுமே?"

தங்கை பேனாவோடு என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். அவள் பேனாவைக் கீழே வைத்தாள். எனக்கு வெட்கமோ நிம்மதியோ வரவில்லை. சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையை முழுவதும் படித்தேன்.

இப்போதெல்லாம் பிறந்த குழந்தையைப் பார்க்கப் போனால், "நல்லா இருக்கா?" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இதைத் தங்கையிடம் பெருமையாகச் சொன்னேன்.

"இத்தனை புக்கு படிச்சியேண்ணே, நீ உருப்படியா செஞ்சது அன்னிக்கு வாய மூடினதுதான் லா" என்றாள்.