கன்னியப்பனின் தலைத்துணி

சனிக்கிழமை பகல். வகுப்பு இல்லை. ஆசிரியர் அறையில் நான் மட்டும் உட்கார்ந்து நான்காம் பாரத்துக் கட்டுரை நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். வாசலில் ஒருவர் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. டிரில் மாஸ்டர் கன்னியப்பனின் மைத்துனர் என்பது அவர் பேச ஆரம்பித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"மாமா பூட்டாரு சார். வெடியக்காத்தால. எட்டு நாளா ஜுரம் எறங்கவே இல்ல. உங்ககிட்ட சொல்லிட்டு வரச் சொல்லிச்சு அக்கா."

"சரிப்பா, வர்றேன்" என்றேன். அவர் போனதும் கையில் இருந்த நோட்டை முழுக்கத் திருத்தி, மதிப்பெண் போட்டு, மூடி வைத்துவிட்டுத்தான் எழுந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. இந்த வருஷம் நம் பள்ளியில் இது மூன்றாவது சாவு. பள்ளிப் பத்திரிகைக்கு இரங்கல் எழுதுவது தமிழாசிரியனின் வேலை என்று ஆகிவிட்டது. முன் இரண்டையும் ஒரே மூச்சில் எழுதிக் கொடுத்தேன். இது நாலு நாளாக வரவில்லை.

அவரிடம் டிரில் பழகிய நீங்கள் இன்று பல ஊர்களில் பல வேலைகளில் இருக்கிறீர்கள். அவருடைய விசிலும், கஞ்சி போட்ட காக்கிச் சட்டையும், வெள்ளைத் தலைத்துணியும் உங்களுக்கு மறந்திருக்காது. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே அவரை 'அவர்' என்று எழுதுகிறேன். நேரில் பதினைந்து வருஷமும் 'நீ' என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். செத்த பிறகு மரியாதை கொடுப்பது எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

பெரிய சண்டை முடிந்து பட்டாளத்திலிருந்து திரும்பியவருக்கு அப்போதைய தலைமையாசிரியர் இந்த வேலையைக் கொடுத்தார். ஓரிக்கையை ஒட்டிய சேரியிலிருந்து தினமும் நடந்தே வருவார். அந்தச் சேரியிலிருந்து ராஜ வீதிக்குள் வருகிறவர்கள் தலைத்துணியை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வதும், தோள் துண்டை இடுப்பில் சுற்றிக்கொள்வதும் நம் ஊர் வழக்கம். யாரும் சொல்ல வேண்டியதில்லை. கை தானாகச் செய்யும். கன்னியப்பன் செய்யவில்லை. கட்டிய துணி கட்டியபடியே ராஜ வீதி வழியாகப் பள்ளிக்கு வந்தார். "பட்டாளத்துத் திமிர்" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் தெருவில் தறி ஓடாத வீடு என்னுடையது ஒன்றுதான். அப்பா என்னைத் தறிக்குழியில் இறக்காமல் படிக்க வைத்தார். படித்ததால் எனக்கு மற்றவர்களைவிடப் பெரிய மனசு வந்துவிட்டது என்ற எண்ணம் எனக்கு இருந்தது.

ஒரு ஐப்பசி மாதம், மழையால் டிரில் நின்றுபோன பிற்பகலில், அவர் என் அறைக்கு வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். "ஏம்பா, இந்த முண்டாசை எங்க புடிச்ச?" என்று கேட்டேன். கிண்டலாகத்தான் கேட்டேன். அவர் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை.

"சண்டையப்போ பஸ்ராவுல ரோடு போட்டுக்கினு இருந்தோம் சார். எங்க கூடாரத்துக்கு அந்தாண்ட சீக்கியப் பட்டாளம். அதுல அரைகுறைத் தமிழ் பேசுற ஒரு ஹவில்தார் எனக்குப் பழக்கம். ஒரு நாளு, எங்க குருத்வாராவுக்கு வாயேன்னு கூப்ட்டான். கோயில்னா எனக்கு இன்னா தெரியும்? ஏகாம்பரநாதர் கோபுரத்தை ரோட்டுல நின்னு கும்புட்டதுதான். சரி, சாமிகிட்டப் போறமேன்னு குளிச்சேன். சட்டையைக் கழட்டினேன். தலைத்துணியை அவுத்து இடுப்புல கட்டிக்கினேன். அரை டவுசரு. அப்படியே போயி நின்னேன்."

குருத்வாரா என்பது அங்கே ஒரு பெரிய கூடாரம்தான். வாசலில் நின்ற தாடிக்காரக் கிழவர் இவரைக் கண்டதும் கையை உயர்த்தி மறித்தாராம்.

"தலையைக் காட்டுறாரு, மாரைக் காட்டுறாரு, காலைக் காட்டுறாரு. இன்னாமோ சத்தமா சொல்றாரு. எனக்கு அப்ப இந்துஸ்தானி வராது. சரிதான், இங்கயும் அதே கதைதான்னு நெனச்சேன். ஒரு கும்புடு போட்டுட்டுத் திரும்பி நடந்தேன் சார். கோவம்கூட வரல. பழக்கந்தான?"

பாதி தூரம் நடந்தவருக்குப் பின்னால் ஆள் ஓடி வரும் சத்தம் கேட்டிருக்கிறது. அந்தக் கிழவர் சுடுமணலில் வெறுங்காலோடு, கையில் ஒரு துணியோடு ஓடி வந்தார்.

"அடிக்க வர்றாருன்னு நின்னுட்டேன். கிட்ட வந்து மூச்சு வாங்கிக்கினு, என் தலையை ரெண்டு கையாலயும் புடிச்சு, துணியைச் சுத்திக் கட்டிவிட்டாரு."

அதற்குள் ஹவில்தார் ஒரு நீளச் சட்டையும் பைஜாமாவும் எடுத்து வந்தார். அவர் சொல்லித்தான் விஷயம் புரிந்தது. திறந்த தலையோடு யாரும் உள்ளே போகக் கூடாது. உடம்பும் காலும் மூடியிருக்க வேண்டும். பட்டாளத்துத் துரையே வந்தாலும் அதுதான் சட்டம். இடுப்பில் செருகியிருந்த பீடியை வெளியே போட்டுவிட்டு, பூட்ஸைக் கழற்றி, கால் கழுவிக்கொண்டு கன்னியப்பன் உள்ளே போனார். உயரமான இடத்தில் பட்டுத் துணி போர்த்தி வேதப் புத்தகம் வைத்திருந்தார்கள். ஒருவர் சாமரம் வீசினார். அதற்கு எதிரே காலை நீட்டாமல் எல்லோரும் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். இவரும் உட்கார்ந்தார். கடைசியில் நெய் வடியும் கேசரி மாதிரி ஒன்றைப் பிரசாதமாகக் கொடுத்தார்கள்.

"ரெண்டு கையையும் ஏந்தினேன். கையில வெச்சாங்க சார். தூக்கிப் போடல. கையில வெச்சாங்க."

இதைச் சொல்லிவிட்டுத் தன் உள்ளங்கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான், அரை டவுசரோடு போய் நின்றதை எண்ணிச் சிரித்தேன். அவரும் சிரித்தார். மழை விட்டது, எழுந்து போனார். அந்தக் கதையில் நான் சிரித்த இடம் தவறு என்பது எனக்கு விளங்கப் பல வருஷம் பிடித்தது.

அடுத்ததைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் இந்த நாலு நாளும் பார்த்தேன். பரிசளிப்பு விழாவுக்கு, நம் மைதானத்துக்குச் சுற்றுச்சுவர் கட்டிக் கொடுத்த ஜவுளிக்கடை முதலாளி ஒருவரைத் தலைமை தாங்க அழைத்திருந்தோம். எனக்குத் தூரத்து உறவு. "அந்த டிரில்காரன் என் எதிர்ல முண்டாசோட நிப்பான்னா நான் வர்றதா இல்ல" என்று அவர் சொல்லி அனுப்பினார். தலைமையாசிரியர் அதை என் தலையில் கட்டினார். முதல் நாள் சாயங்காலம் மைதானத்துக்குப் போனேன். கன்னியப்பன் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"கன்னியப்பா, நாளைக்கு ஒரு மணி நேரம் அதை எடுத்து வெச்சுட்டு நில்லுப்பா. விழா முடிஞ்சதும் கட்டிக்க."

அவர் நிமிர்ந்தார். "எல்லாரும் எடுக்கணுமா சார்? நான் மட்டுந்தானா?"

முதலாளி சரிகைத் தலைப்பாகையோடு வருவார் என்று இருவருக்கும் தெரியும். "ஒரு மணி நேரந்தானேப்பா" என்றேன்.

"நீங்க சொல்றீங்க. சரி சார்."

மறுநாள் வெயிலில் வெறுந்தலையோடு நின்றார். அன்றுதான் அவர் தலையை நான் பார்த்தேன். முக்கால்வாசி நரைத்திருந்தது. நெற்றியில் துணி பதிந்த கோட்டுக்கு மேலே நிறம் வெளுத்திருந்தது. கட்டளைகளைச் சரியாகவே கொடுத்தார். ஆனால் குரல் வழக்கம் போல் சுவரைப் போய்த் தொடவில்லை. முதலாளி என் பக்கம் குனிந்து, "பசங்களை நல்லாப் பழக்கியிருக்கான்" என்றார். நான் தலையாட்டினேன்.

திங்கட்கிழமை கன்னியப்பன் தலைத்துணியோடு வந்தார். அந்த விழாவைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. என் அறைக்கு வருவதை மட்டும் நிறுத்திக்கொண்டார். இரண்டு வருஷம் நாங்கள் கையெழுத்துப் புத்தகத்தின் அருகில் மட்டும் சந்தித்தோம்.

பிறகு நான் காசிக்குப் புறப்பட்டேன். என் மனைவியின் தம்பிக்கு அமிர்தசரஸில் ரயில்வே உத்தியோகம். காசி முடித்து அங்கேயும் வந்து, குளத்தின் நடுவில் இருக்கும் பொன் வேய்ந்த சீக்கியர் கோயிலைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று எழுதியிருந்தான். அங்கே எப்படி உடுத்திப் போவது என்று எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்தவர் காஞ்சிபுரத்தில் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். வெட்கத்தை விட்டு அவரிடம் போனேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கலாம், போகவில்லை. விசிலைக் கழுத்திலிருந்து கழற்றிச் சுவர்மேல் வைத்துவிட்டு, அரை மணி நேரம் சொன்னார்.

"சட்டை போட்டுக்கணும் சார். மேல்துண்டு மட்டும் ஆவாது. வேட்டியை மடிச்சுக் கட்டிராதீங்க, கால் மூடியிருக்கணும். செருப்பை வெளிய விட்டுட்டுக் காலு கழுவுங்க. உங்க பொடி டப்பாவை வீட்லயே வெச்சுடுங்க, புகையிலை வாசனையே அங்க ஆவாது. அம்மா புடவைத் தலைப்பைத் தலையில போட்டுக்கணும். மாட்டேம்பாங்க. பூவும் பொட்டுமா இருக்கிறவ முக்காடு போடுவாளான்னு கேப்பாங்க. அங்க முக்காடுன்னா துக்கம் இல்லன்னு இப்பவே சொல்லி வைங்க."

"சாமிக்கு இதெல்லாமா வேணும்?" என்று கேட்டேன்.

"சாமிக்கு நம்ம உடம்பு தெரியாததா சார்? துணி சாமிக்கு இல்ல. பக்கத்துல உக்கார்றவனுக்கு."

தலையில் கட்ட என்னிடம் தகுந்த துணி இல்லை என்றதும், மறுநாள் தம்முடையதில் ஒன்றைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்தார். "கட்டத் தெரியணுமே" என்று என்னைப் பெஞ்சில் உட்கார வைத்து, அவரே என் தலையில் சுற்றிக் காட்டினார். விழாவுக்கு முதல் நாள் நான் கேட்டது இருவருக்குமே நினைவில் இருந்தது. வீட்டில் அந்தத் துணியை என் மனைவி இன்னொரு முறை துவைத்து, அதன் பிறகுதான் பெட்டியில் வைத்தாள். சுத்தமான துணி. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அமிர்தசரஸில் அவர் சொன்னபடியே போனோம். என் மனைவி நம் ஊர்ப் பட்டுதான் கட்டியிருந்தாள். பட்டு தலையில் நிற்காமல் வழுக்கி வழுக்கி விழுந்தது. யாரோ ஒரு பஞ்சாபிக்கார அம்மாள் அதை எடுத்துப் போர்த்தி ஓரத்தைக் காதுக்குப் பின்னால் செருகிவிட்டார். நான் ஆண்களோடு தரையில் உட்கார்ந்தேன். பாட்டு ஒன்றும் புரியவில்லை. பயணக் களைப்பில் கண் செருகியது. கையை ஏந்தினேன், சூடாகப் பிரசாதம் வந்து விழுந்தது. விழுந்தது என்பது தவறு. வைத்தார்கள்.

திரும்பி வந்து துணியைக் கொடுத்தபோது கன்னியப்பன் குளம் எப்படி, பொன் எப்படி என்று ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"உங்க பக்கத்துல யாரு சார் உக்காந்திருந்தாங்க?"

யோசித்துப் பார்த்தேன். "தெரியலையேப்பா" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "தெரியல இல்ல?" என்றார். "தெரியல இல்ல சார்?" பல் தெரியச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அதன் பிறகு மழை நாட்களில் மறுபடி என் அறைக்கு வர ஆரம்பித்தார். அது ஒரு வருஷம்கூட நீடிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை வெயிலில் ஓரிக்கைக்கு நடந்தேன். வழியெல்லாம் கால் வலித்தது. வீட்டுக்கு முன்னால் ஓலைப்பந்தல் போட்டு, அதன் கீழ் அவர் மனிதர்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் பாதிப் பேர் எழுந்தார்கள். "வாத்தியார் வந்துட்டாரு" என்று யாரோ சொல்ல, எங்கிருந்தோ ஒரு நாற்காலி வந்தது. பந்தலுக்கு வெளியே, மரத்து நிழலில், தனியாகப் போட்டார்கள். வேண்டாம் என்றேன். "இருக்கட்டும் சார், உக்காருங்க" என்றார் மைத்துனர். மறுபடி வேண்டாம் என்றேன். மூன்றாம் முறை சொல்லவில்லை. களைத்திருந்தேன். உட்கார்ந்தேன்.

அவருடைய பொருள் என்று என்னிடம் ஒன்றும் இல்லை. இன்றும் பஸ்ஸிலும் கூட்டத்திலும் பக்கத்தில் யார் என்று ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறேன். முன்பும் பார்த்தேன், பார்க்கிறேன் என்பது அப்போது எனக்குத் தெரியாது. இப்போது தெரிகிறது. கன்னியப்பனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவ்வளவுதான்.