அக்காவின் ஆறாவது எலும்பு

ஸ்கேன் படத்தில் முதுகெலும்புகளைத் தனித்தனியாகப் பிரிக்கக் கம்ப்யூட்டருக்குப் பாடம் எடுப்பதுதான் நம்மாளின் பிழைப்பு. இதற்குப் பச்சை, அடுத்ததற்கு மஞ்சள் என்று ஆயிரக்கணக்கான படங்களில் எல்லை கட்டிக் காட்டினால், பிறகு அதுவே கலர் அடித்து நம்பரும் போட்டுவிடும். "நான் இல்லேன்னா டாக்டருங்க பாடு திண்டாட்டம்தான்" என்று வீட்டில் அளப்பார். குனிந்து செருப்பு மாட்டினால் "ஐயோ அம்மா" என்பதும் இதே வாய்தான்.

அவரை வளர்த்த அக்காவுக்கு இடுப்பில் நரம்பு நசுங்கி, கால் மரத்து, ஆபரேஷன் என்று முடிவாயிற்று. அவளைச் சேர்த்த ஆஸ்பத்திரியில் ஓடுவது இவருடைய புரோகிராம். விடுவாரா மனுஷன்? ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலையில் வார்டிலேயே லேப்டாப்பைத் திறந்து, அக்கா புருஷனிடம் பீற்ற ஆரம்பித்தார். "பாத்தீங்களா மாமா, கோளாறு நாலாவது எலும்புக்குக் கீழேன்னு நச்சுன்னு சொல்லியிருக்கு!"

மேலேயிருந்து எண்ணிக் காட்டப்போனவருக்கு இடுப்பில் ஆறு எலும்பு வந்தது. மறுபடி எண்ணினார். ஆறேதான்.

அங்கே பெரும்பாலும் ஐந்துதான். சிலருக்கு மட்டும் ஆறு. அந்தச் சிலரின் படங்கள் புரோகிராமின் பரீட்சை மார்க்கைக் குறைத்ததால், "சனியன்" என்று பயிற்சியிலிருந்தே தூக்கிக் கடாசியவர் சாட்சாத் இவர்தான். மார்க் தொண்ணூற்றெட்டுக்கு ஏறியது, ஆபீஸில் கைதட்டினார்கள். இப்போது புரோகிராம் கடைசி எலும்பை ஐந்து என்று வைத்து அடியிலிருந்து எண்ணி, அக்காவின் ஐந்தாவது எலும்பை நாலாவது என்று போட்டிருந்தது. அதை நம்பி ஓர் எலும்பு தள்ளிக் கத்தி வைத்தால்?

ஓடினார். "டாக்டர், என் புரோகிராம் தப்பு! கையெடுத்துக் கும்பிடறேன், ஆபரேஷனை நிறுத்துங்க!"

டாக்டர் டீயைக் கீழே வைக்கக்கூட இல்லை. "ஆறுன்னு நேத்தே பாத்துட்டேன். உங்க நம்பரை நான் என்னிக்குங்க நம்பினேன்? எக்ஸ்ரே எடுத்து நானே எண்ணிட்டுத்தான் கத்தியைத் தொடுவேன். கலர் மட்டும் ஜோரா இருக்கு."

அசடு வழியத் திரும்பி வந்து நடந்ததைச் சொன்னார். அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பெரிய மேதாவி!" பிறகு சிரிப்பு நின்றது.

"அந்த ஆறு எலும்புக்காரங்களை ஏண்டா தூக்கிப் போட்டே?"

"மார்க் குறையுதுக்கா."

"எல்லா டாக்டரும் இவரு மாதிரி உக்காந்து எண்ணுவாங்களாடா?"

அந்தப் புரோகிராம் எத்தனை ஆஸ்பத்திரியில் ஓடுகிறது என்று நம்மாளுக்குத்தானே தெரியும். வராந்தாவுக்குப் போய் மேலாளருக்குப் போன் போட்டார்.

"நம்ம புரோகிராமை எல்லா இடத்துலயும் நிறுத்தச் சொல்லுங்க சார். ஆமா, நான் பண்ணினதுதான்."