மெலிந்த வெள்ளிக் கால்

எனக்கு ஆறு வயதில் இடது கெண்டைக்கால் சதையில் புற்றுநோய் வந்தது. அறுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், கதிர் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டேன். கால் மட்டும் சூம்பி, மற்றதைவிட இரண்டு விரற்கடை குட்டையாக நின்றுவிட்டது.

அம்மா அதற்குப் போலியோ என்று பெயர் வைத்தாள். கேன்சர் என்று தெரிந்தால் எவன் கட்டுவான் என்ற பயம். புதுச்சேரி சாரத்தில் எங்கள் தெருவே அதை நம்பியது. எனக்குப் பாவாடை தரையைக் கூட்டும் நீளத்தில்தான் தைப்பாள். சின்ன வயதில் ஏற்றிய மருந்து பின்னாளில் இதயத்தைப் பாதிக்கலாம் என்பதால் ஆண்டுதோறும் சோதனைக்குப் போவேன். அதையும், "பல்லு காட்டப் போறா" என்று சொல்லிவைத்தாள். வருடா வருடம் காட்டியும் ஒரு பல்கூடக் குறையாத பெண் புதுச்சேரியிலேயே நான் ஒருத்திதான்.

மாதாவிடமாவது அவள் உண்மை பேசுகிறாள் என்று நினைத்திருந்தேன். நான் பிழைத்ததற்கு நேர்ச்சையாக, திருவிழாதோறும் கோயிலில் ஒரு வெள்ளித் தகட்டுக் கால் வைப்பாள். இருபத்தொரு வயதில்தான் அதை அவள் கையிலிருந்து வாங்கிப் பார்த்தேன். கொழுகொழுவென்று, தழும்பே இல்லாத கால். சுர்ரென்று கோபம் வந்தது.

"இது யாரு காலும்மா?"

"கடையில இந்த அச்சுதான்டி இருக்கு."

நெல்லித்தோப்பில் வெள்ளி வேலை செய்பவரிடம் போனேன். பாவாடையை முழங்கால்வரை தூக்கி, "அண்ணே, இதே மாதிரி தட்டிக் குடுங்க. தழும்பும் வேணும்" என்றேன். அவர் ஒரு கணம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு நூலை எடுத்து அளந்தார்.

திருவிழா அன்று அம்மா அதைத் தொடவே இல்லை.

"சூம்பிப்போன கால மாதாவுக்கு வெப்பாங்களாடி? குடுத்ததக் குறை சொல்றாப்பல இருக்காது?"

"பொழச்ச காலு இதாம்மா. நீ இத்தினி வருசமா வெச்சது எவளுதோ."

அம்மா அழுதாள். ஆனாலும் நான் விடவில்லை. கணுக்காலுக்கு மேலே நிற்கும் பாவாடையைக் கட்டிக்கொண்டு, தட்டோடு கிளம்பினேன். அம்மா பத்தடி தள்ளியே வந்தாள்.

காணிக்கை வரிசையில் எங்கள் தெருக்காரம்மா ஒருவர் தட்டை எட்டிப் பார்த்தார். என் காலையும் பார்த்தார்.

"அடியே, போலியோக் கால அப்பிடியே செஞ்சி எடுத்தாந்துட்டியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"போலியோ இல்லக்கா. கேன்சரு. ஆறு வயசுல வந்துச்சி. எம்பொண்ணு பொழச்சி வந்துட்டா."

சொல்லிவிட்டு, தட்டிலிருந்த காலை எடுத்துக்கொண்டு அம்மா எனக்கு முன்னால் நடந்தாள்.