இடது கையில் பிடித்த ஃபோன்

"ஏன் எப்பப் பாத்தாலும் இடது கையிலயே ஃபோனைப் புடிச்சிருக்க?"

மஸ்கட்டிலிருந்து வீடியோவில் கேட்டார் என் வீட்டுக்காரர். விருத்தாசலத்தில் அந்த ஃபோனைப் பிடித்திருந்த நானே அதைக் கவனிக்கவில்லை.

வலது கட்டைவிரலின் அடிமூட்டு தேய்ந்து, புதுச்சேரியில் செயற்கை மூட்டு வைத்துக்கொண்டவள் நான். செராமிக் பொம்மை செய்யும் இடத்தில் வேலை. அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொம்மையின் ஓரப் பிசிறைச் சின்னக் கத்தியால் சீவ வேண்டும். வருஷக்கணக்காகக் கத்தியை அழுத்திப் பிடித்த விரல். ஆபரேஷனுக்கு அவர் லீவு போட்டு வந்திருந்தார். எனக்குச் சோறு ஊட்டி, பின்னத் தெரியாத சடையைக் கோணலாகப் பின்னிவிட்டு, திரும்பிப் போனார்.

கொஞ்ச காலம் கை நன்றாகவே இருந்தது. பிறகு பூட்டைத் திறக்கும்போது சுருக்கென்றது. சீவும்போது உள்ளே டக்கென்று எதுவோ நழுவும், கத்தி கீழே விழும். தைலம் தேய்த்துக்கொண்டு இருந்துவிட்டேன். சொன்னால் அங்கே அவருக்குத் தூக்கம் போய்விடும்.

அன்றைக்கு அவர் கேட்டதும் அழுதுவிட்டேன். "நாளைக்கே பஸ்ஸு ஏறு" என்றார்.

புதுச்சேரி டாக்டர் பழைய எக்ஸ்ரேயையும் புதியதையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். செயற்கை மூட்டில் எலும்புக்குள் பதித்த கிண்ணம் போன்ற பாகம் சாய்ந்திருந்தது. அதைச் சுற்றிக் கறுப்பாக ஒரு கோடு.

"புடிப்பு விட்டுப்போச்சும்மா. ரத்தத்துல கிருமி எதுவும் தெரியல, அதுவரைக்கும் நல்லது."

"வேற ஒண்ணு வெச்சுடுங்களேன் சார்."

"எலும்பு மெலிஞ்சிருக்குது, நிக்காது. வெச்சதை எடுத்துட்டு, அது பதிஞ்சிருக்கிற சின்ன எலும்பையும் எடுத்துடலாம். உங்க கையிலேருந்தே தசைநார் எடுத்து அங்க கட்டிடுவோம். வலி போயிடும். பழைய பலம் முழுசா வராது."

இந்த ஆபரேஷனுக்கு அவருக்கு லீவு கிடைக்கவில்லை. பெண்ணாடத்திலிருந்து நாத்தனார் வந்து பார்த்துக்கொண்டார். நாத்தனார் பின்னிய சடை அழகாகத்தான் இருந்தது. எனக்குத்தான் அந்தக் கோணல் சடை வேண்டியிருந்தது.

கட்டுப் பிரித்து, பயிற்சிக்கும் போய் வந்தேன். வலி போய்விட்டது. ஈரத்துணியை முறுக்கிப் பிழிய வரவில்லை, கத்தியும் விரலில் நிற்கவில்லை. இப்போது பொம்மைகளுக்கு வண்ணம் பூசுகிறேன். பிரஷ்ஷுக்கு அவ்வளவு பலம் வேண்டாம்.

போன வாரம் வீடியோவில், "கட்டைவிரலால சுண்டுவிரலைத் தொடு பாக்கலாம்" என்றார் அவர். தொட்டேன்.

"வலிக்குதா?"

"இல்ல."

சிரித்தார். முன்நெற்றியில் நரை ஏறியிருந்தது. இத்தனை வருஷத்தில் நான் கேட்டதே இல்லை, அன்றைக்கு வாயில் வந்துவிட்டது.

"போதுங்க. வந்துடுங்க."

அங்கே யாரோ கதவைத் தட்டினார்கள். "டூட்டிக்கு நேரமாச்சு" என்றார். ஆனால் ஃபோனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.